ஜகார்த்தா தங்கமும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும்



உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் நம் பிளாக்குகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிகிறது. அர்ஜென்டினா சட்டை போட்ட பிள்ளையும் போர்ச்சுகல் சட்டை போட்ட பிள்ளையும் லிஃப்டில் சண்டை போடுகிறார்கள். இந்திய அணியின் நீலச் சட்டையை மட்டும் நான் இதுவரை நம் லிஃப்டில் பார்த்ததில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி கடைசியாகத் தங்கம் வாங்கியது 1962ல். ஏதாவது ஒரு பதக்கம் என்று கடைசியாக வாங்கியது 1970ல். ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது 1960ல். அறுபதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கே இதெல்லாம் கேள்வி ஞானம்தான்.

ஆனாலும் அந்த 1962ஐ விடாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் கொல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் கோவாவிலும் கேரளாவிலும் உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் கிளையில் ஹெட் கேஷியர். செகந்திராபாத்தில் வளர்ந்தவர். இந்தியா எங்கே தோற்றாலும் சரி, மறுநாள் காலை கவுண்டர் திறப்பதற்கு முன்னால் ஜகார்த்தா கதையை எடுத்துவிடுவார். கோல் போட்டவர்களின் பெயர் பிறகுதான் வரும். முதலில் வருவது ரஹீம் சாப். மைதானத்தில் இறங்கி ஒரு பந்தைக்கூட உதைக்காத ஒரு மனிதரை இவர் ஏன் இப்படித் தூக்கி வைத்துப் பேசுகிறார் என்று அப்போது நினைத்ததுண்டு. ஓய்வு பெற்ற பிறகு அந்த வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அவர் பேசியதில் மிகை அதிகம் இல்லை.

சையத் அப்துல் ரஹீம் 1909 ஆகஸ்ட் 17ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர். அது நிஜாம் ஆட்சிக் காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். நகரத்தின் லீக் போட்டிகளிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ஆட்டக்காரராக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. பட்டம் வாங்கியதும் பள்ளிக்கூட ஆசிரியராகச் சேர்ந்தார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம், சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று வேலை பார்த்தார். உடற்கல்வியில் டிப்ளமோ படித்து, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

இந்த ஆசிரியர் வேலையைச் சாதாரணமாகத் தாண்டிப் போகக் கூடாது. பின்னாளில் அவர் கோச்சாகச் செய்தது அத்தனையும் வகுப்பறையில் செய்வதுதான். எந்தப் பையனுக்கு என்ன வராது என்று பார்ப்பது, அந்த வராததை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, வந்த பிறகு அடுத்த பாடத்துக்குப் போவது.

1940களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சங்கத்தின் செயலாளர் என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? மினிட்ஸ் புத்தகம், சந்தா பாக்கி, தண்ணீர் லாரி. ரஹீம் செய்தது வேறு. ஊரில் வினோதமான சில போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் வீரர்கள் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எதிராளியை ஏமாற்றி ஓடக் கூடாது, வந்த பந்தை உடனே பாஸ் பண்ண வேண்டும். இன்னொரு போட்டியில் எந்தக் கால் பழக்கமில்லாத காலோ அந்தக் காலால் மட்டும்தான் உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால், இடது கால்காரன் வலது காலால். பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்திருப்பார்கள். ஆனால் ஒரு சீஸன் முழுக்க இப்படி ஆடியவனுக்கு இரண்டு காலும் ஒன்றாகிவிடும். அந்த நாளில் நம் நாட்டில் ரசிகர்கள் கைதட்டியது தனி ஆளாகப் பந்தைக் கொண்டுபோய் நான்கு பேரை ஏமாற்றுகிறவனுக்குத்தான். பதினொரு பேரின் ஆட்டம் என்று ரஹீம் சொல்லிக் கொடுத்தது நம் ஊருக்குப் புதிது.

1950ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குக் கோச்சாக வந்தார். உடனே பலன் தெரிந்தது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் வென்றது. 1950ல் டெல்லியின் டூராண்ட் கோப்பையையும் எடுத்தது. கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான் இந்தியக் கால்பந்து என்று இருந்த காலத்தில் பகலில் டூட்டி பார்க்கும் போலீஸ்காரர்கள் அவர்களை எதிர்த்து நின்று ஜெயித்தார்கள். மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியையும் 1950களின் பிற்பகுதியில் ஹைதராபாத் அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியது.

துளசிதாஸ் பலராம் அவர் கண்டெடுத்த பையன்களில் ஒருவர். செகந்திராபாத்தில் அம்முகுடா என்ற இடத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ரஹீம் அவரைப் பயிற்சிக்கு ஹைதராபாத் வரச் சொன்னார். தினம் வந்து போகக் காசு கிடையாது என்று பையன் தயங்கினான். ரஹீம் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். பலராமே பிற்காலத்தில் நன்றியோடு சொன்ன விஷயம் இது. அந்தச் சைக்கிள்காரப் பையன் இரண்டு ஒலிம்பிக்கில் ஆடினார், ரோமில் இரண்டு கோல் போட்டார்.

இந்திய அணியின் கோச்சாக ரஹீம் பார்த்த முதல் பெரிய போட்டி 1951ல் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கோல் மேவாலாலுடையது. கேப்டன் சைலன் மன்னா. பிரதமர் நேரு நேரில் வந்து பார்த்தார். நாடு குதூகலித்தது.

அடுத்த வருடமே அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. பத்து கோல். நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நம் ஊர் வெயிலில், காய்ந்த தரையில் வெறுங்காலால் ஆடுவது ஒரு கலை. பின்லாந்தின் குளிரிலும் ஈரத்திலும், எதிரில் பூட்ஸ் போட்டு நிற்கிறவனிடம் அந்தக் கலை செல்லுபடியாகவில்லை. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று கால்பந்து சம்மேளனம் விதி கொண்டுவந்தது.

சிலர் இந்தத் தோல்வியைச் சொல்லும்போது வெறுங்கால் வீரம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்து கோல் வாங்கியதில் என்ன வீரம் இருக்கிறது? ரஹீமும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் அடுத்த நான்கு வருடம் செய்த வேலையிலிருந்து தெரிகிறது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். முதல் சுற்றில் எதிரணியான ஹங்கேரி வரவில்லை, ஆகவே ஆடாமலே தேறியாயிற்று. அடுத்து போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா. சொந்த ஊர், சொந்த ரசிகர்கள். இந்தியா 4-2 என்று ஜெயித்தது. பம்பாய்க்காரரான நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர்தான். ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி என்று உள்ளூரில் பேச்சு எழுந்தது. சில நாள் கழித்து சிட்னியில் இரண்டு அணிகளும் மறுபடி மோதின. இந்த முறை 7-1.

அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. நான்கு வருடத்துக்கு முன் பத்து கோல் போட்டவர்கள். இரண்டாம் பாதியில் முதல் கோலை நெவில் டிசோசா போட்டு இந்தியா முந்தியது. கொஞ்ச நேரம்தான். கடைசியில் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நான்காவது இடம். கால்பந்தில் ஆசியாவிலிருந்து ஒரு நாடு ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. எங்கள் ஹெட் கேஷியருக்கு மெல்போர்ன் ரிசல்ட் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். வெண்கலம் கைநழுவியதைச் சொல்லும்போது நேற்று நடந்தது போல முகம் மாறும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த பிரிவு மிகக் கடினம். ஹங்கேரியிடம் 2-1 என்று மயிரிழையில் தோல்வி. பிரான்ஸோடு 1-1 சமன், நம் கோலைப் போட்டவர் கேப்டன் பி.கே. பானர்ஜி. பெருவிடம் 3-1 தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் பத்து கோல் வாங்கிய அணி எட்டு வருடத்தில் ஹங்கேரியையும் பிரான்ஸையும் திணற வைத்தது. ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் அந்த ரோம் குழுவில் இருந்தார். அப்பா கோச், மகன் வீரர்.

இனி ஜகார்த்தா. 1962 ஆகஸ்ட் கடைசியில் நான்காவது ஆசிய விளையாட்டு தொடங்கியபோது ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டை விடாமல் புகைத்தவர். உடம்பு இளைத்து, இருமலோடுதான் வீரர்களை மைதானத்தில் வேலை வாங்கினார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. இன்னொரு தோல்வி வந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் தடுப்பு வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டி வந்தது. அடுத்து ஜப்பானை அவர் இல்லாமலே 2-0 என்று வென்று அரையிறுதிக்குப் போனார்கள்.

இங்கேதான் ரஹீம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தலையில் தையலோடு இருக்கும் தடுப்பாட்டக்காரரை எந்தக் கோச்சும் உட்கார வைப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். ஜர்னைல் மாணவப் பருவத்தில் முன்வரிசையில் ஆடியவர் என்பதை ரஹீம் மறக்கவில்லை. ஆள் திடகாத்திரம், பயம் அறியாதவர். கட்டுப்போட்ட தலையோடு அவர் தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் போட்டார். கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு. 3-2 என்று ஜெயித்தோம்.

இதற்குள் ஊர் நமக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி தரவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைப்பது எப்படி என்று கேள்வி எழுப்பியவர் ஜி.டி. சோந்தி. ஆசிய விளையாட்டுகளைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர், இந்தியர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஜகார்த்தாவில் கோபம் மொத்த இந்தியர்கள் மீதும் பாய்ந்தது. இந்தியத் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்து அடித்து நொறுக்கியது. நம் வீரர்கள் வெளியே நடமாடவே தயங்கினார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரஹீம் பையன்களை வெளியே கூட்டிப்போய்க் கொஞ்ச தூரம் நடக்க வைத்தார். நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டார் என்று அந்த அணியில் இருந்தவர்கள் கடைசிவரை சொல்லி வந்தார்கள். அவர் உடம்புக்கு என்ன என்று எத்தனை பேருக்குத் தெளிவாகத் தெரியுமோ, அவர் அப்படிக் கேட்டது எல்லோரையும் உலுக்கிவிட்டது.

1962 செப்டம்பர் 4. செனாயன் அரங்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். எதிரணி, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற தென்கொரியா. நம் தேசிய கீதம் இசைத்தபோது கூச்சல் அடங்கவில்லை. நம் வீரர் பந்தைத் தொட்டாலே ஊளை. அந்த அரங்கத்தில் இந்தியாவுக்காகக் கை தட்டியவர்கள் மிகச் சிலர். அதில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்று நம் வீரர்கள் பின்னால் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் அவர்கள்தான் நம்மைத் தோற்கடித்திருந்தார்கள். இருந்தாலும் வந்து உட்கார்ந்து உற்சாகப்படுத்தினார்கள்.

கோல்கீப்பர் விஷயத்திலும் ரஹீம் ஒரு முடிவு எடுத்தார். காய்ச்சலிலிருந்து தேறி வந்த பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்தில் நிறுத்தினார். கொரியர்கள் பந்தை உயரமாகத் தூக்கிப் போடுவார்கள், தங்கராஜ் ஆறடிக்கும் மேல். தங்கராஜ் பற்றி நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பிறந்தது ஹைதராபாத் என்றாலும், ராணுவத்தில் சேர்ந்து அவர் ஆடிய அணி நம் நீலகிரியில், குன்னூர் பக்கத்தில் உள்ள வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். அந்த அணி 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பையை வென்றது. முதலில் அவர் முன்வரிசை ஆட்டக்காரர், பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். ஊட்டிக்குப் போகும்போது வெலிங்டனைத் தாண்டாதவர்கள் நம்மில் குறைவு. இந்தச் செய்தி தெரிந்து தாண்டியவர்கள் அதைவிடக் குறைவு.

ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் சிங், அதே கட்டுப்போட்ட தலையோடு, இரண்டாவது கோல். ஒரு லட்சம் பேரும் மௌனமாகிப் போனார்கள். அதற்குப் பிறகு கொரியர்கள் விடாமல் மோதினார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு கோல் திருப்பினார்கள். அவ்வளவுதான். 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

பி.கே., சுனி, பலராம் மூவரையும் சேர்த்து ரசிகர்கள் மூம்மூர்த்திகள் போலக் கொண்டாடுவார்கள். மூவரும் மூன்று விதம். பி.கே.க்கு வேகமும் பலமான ஷாட்டும். சுனிக்கு நளினம். பலராமுக்கு எங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே தெரியும். மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே அணியில் இருந்தால் பந்துக்கு அடித்துக்கொள்வதுதான் வழக்கம். இவர்கள் அடித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம், பந்து வந்தவுடன் விட்டுவிட வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்த அந்த ஆசிரியர்தான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தங்கம் நாட்டின் நினைவில் நிலைக்க நேரம் கிடைக்கவில்லை. ஆறு வாரத்தில், அக்டோபர் 20ஆம் தேதி, சீனாவோடு போர் தொடங்கியது. பேப்பரில் எல்லைச் செய்தி, வானொலியில் எல்லைச் செய்தி. கால்பந்தைப் பற்றி யார் பேசுவார்கள்? ரஹீம் படுக்கையில் விழுந்தார். 1963 ஜூன் 11ஆம் தேதி காலமானார். ஜகார்த்தா வெற்றிக்கு ஒன்பது மாதம் கழித்து. வயது 53. நல்ல கோச்சுகளுக்கான துரோணாச்சாரியார் விருதை அரசு தொடங்கியதே 1985ல். அப்போது அவர் போய் 22 வருடம் ஆகியிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். அதே வருடம் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. அன்றிலிருந்து எந்த ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். அதோடு சரி. தெற்காசியப் போட்டிகளில் கோப்பைகள் பல முறை வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெல்போர்னையும் ஜகார்த்தாவையும் பார்த்தவர்களிடம் அதைச் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

ஏன் இப்படி ஆனது? நம் ஆட்கள் குட்டை, உணவு போதாது, கிரிக்கெட் விழுங்கிவிட்டது என்று பல காரணம் சொல்வார்கள். கிரிக்கெட் வாதம் எனக்கு எடுபடவில்லை. கிரிக்கெட் நாட்டை முழுசாகப் பிடித்தது 1983க்குப் பிறகு. கால்பந்து அதற்கு வெகு முன்பே சரிந்துவிட்டது. உயரமும் உணவும் காரணம் என்றால் மெல்போர்னும் ஜகார்த்தாவும் நடந்திருக்கவே கூடாது.

ஜப்பானை ஒப்பிட்டுப் பாருங்கள். 1962ல் நாம் 2-0 என்று வென்ற அணி. அவர்கள் 1960ல் ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற கோச்சை வரவழைத்தார்கள். அவர் அணியை மட்டும் பழக்கவில்லை. தேசிய அளவில் ஒரு லீக் வேண்டும், கோச்சுகளைத் தயார் செய்யப் பயிற்சி வேண்டும் என்று வழி சொல்லிவிட்டுப் போனார். ஜப்பான்காரர்கள் அதைக் காகிதத்தோடு விடவில்லை. 1965ல் தேசிய லீக் தொடங்கியது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலம். மெல்போர்னில் நம் கையிலிருந்து நழுவிய அதே வெண்கலம். நம் நாட்டில் தேசிய லீக் வந்தது 1996ல்.

கிராமர் திரும்பிப் போனபோது வேலை அங்கேயே இருந்தது. ரஹீம் போனபோது வேலையும் அவரோடு போனது. வங்கியில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாறினாலே சார்ஜ் லிஸ்ட் எழுதி, சாவிகளை எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விடுவார்கள். இருபது வருடமாக ஒரே மனிதர் சங்கச் செயலாளர், போலீஸ் அணிக் கோச், நாட்டு அணிக் கோச் என்று எல்லாச் சாவியையும் வைத்திருந்தார். அவர் நோயாளி என்று தெரிந்த பிறகாவது யாராவது கூட ஒரு ஆளை நிறுத்திக் கற்றுக்கொள்ள வைத்திருக்க வேண்டும். அது ரஹீமின் வேலை அல்ல, சம்மேளனத்தின் வேலை. பழக்கமில்லாத காலால் உதைக்கும் போட்டியை நாடு முழுக்க நடத்த எவ்வளவு செலவாகும்? ஒரு பந்தும் ஒரு விசிலும் போதும்.

அவர் பயிற்றுவித்த ஆட்டக்காரர்களில் பி.கே. பானர்ஜி மட்டும் ரஹீம் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தூரம் கொண்டுபோனார். 1970ல் வெண்கலம் வாங்கிய அணியின் கோச்சுகளில் அவரும் ஒருவர். கொல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளுக்கும் கோச்சாக இருந்து கோப்பை மேல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். மகன் ஹக்கீம் விமானப்படையில் அதிகாரியாக இருந்தார், சர்வதேச நடுவராகவும் பணியாற்றினார். 2017ல் அவருக்குத் தியான்சந்த் விருது கிடைத்தது. 2021ல் காலமானார்.

இப்போது அந்த 1962 அணியே ஏறக்குறைய கரைந்துவிட்டது. ஜர்னைல் சிங் 2000லும் தங்கராஜ் 2008லும் போனார்கள். 2020 மார்ச்சில் பி.கே., அடுத்த மாதமே சுனி கோஸ்வாமி. ஊரடங்கு நாட்களில் போனதால் லட்சம் பேர் கூட வேண்டிய சுனியின் இறுதி ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர முடியவில்லை. 2023 பிப்ரவரியில் பலராமும் போய்விட்டார். கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், ஹூக்ளி நதிக்கரையில் கடைசிக் காலத்தைக் கழித்தவர். வருகிறவர்களிடம் ரஹீம் சாபைப் பற்றித்தான் பேசுவாராம்.

ரஹீமின் கதையை வைத்து ‘மைதான்’ என்ற இந்திப் படம் 2024 ஏப்ரலில் வந்தது. அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்திருக்கிறார். சினிமாவுக்காகச் சில கற்பனைகள் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் ஜகார்த்தா இறுதி ஆட்டத்தை எடுத்த விதம் நன்றாக இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை நம் கம்யூனிட்டி ஹாலில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். படம் மூன்று மணி நேரம் ஓடும். பெரியவர்கள் மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து உட்காருவது நல்லது.